பூப்போட்டுப் பார்த்த ஆராய்ச்சி

பல் மருத்துவக் கல்லூரியில் எங்கள் துறைக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். அலமாரிகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. பல் அச்சுகள் அடுக்கிய பெட்டிகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, கடைசித் தட்டின் மூலையில் அந்த அதிர்வுக் கருவி கிடைத்தது. வெள்ளை நிறம், வாயில் கடித்துக்கொள்ள ஒரு ரப்பர்த் துண்டு, கீழே சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி. சார்ஜரில் செருகிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு வண்டு மாதிரி உறுமத் தொடங்கியது. வண்ணம் பூச வந்தவர் ஏணியில் நின்றபடி, "போன் அடிக்குது டாக்டரே" என்றார். நான் அதை நிறுத்தி மேசைமேல் வைத்தேன்.

உனக்கு நினைவிருக்கும். மறக்க விரும்பியது நான்தான், நீ அல்ல.

நாம் இருவரும் ஒரே ஆண்டில் இந்தத் துறையில் சேர்ந்தவர்கள். நீ ஆரியசாலை மளிகை மொத்த வியாபாரக் குடும்பத்துப் பெண், நான் பாறசாலைக்காரி. மற்றவர்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருக்கும் அறையில் நாம் தமிழில் பேசியது நட்புக்குப் போதுமான காரணமாக இருந்தது. மற்றபடி நமக்குள் பொருத்தம் குறைவு. எனக்கு அளவு பிடிக்கும், உனக்கு ஆட்களைப் பிடிக்கும். நான் பல்லைப் பார்த்து நோயாளியை அடையாளம் சொல்வேன். நீ அவர்கள் எந்தத் தெருவிலிருந்து எந்தப் பஸ்ஸில் வந்தார்கள் என்பது வரை கேட்டு வைத்திருப்பாய். வெளியே வரிசை நீளும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆராய்ச்சி என் டாக்டர் பட்டத்துக்கானது. கோணல் பல்லுக்குக் கம்பி போட்டவர்களில் ஒரு பாதிப் பேர் அந்தக் கருவியைத் தினமும் சற்று நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதிர்வில் பல் சீக்கிரம் நகரும் என்று தயாரித்தவர்கள் சொன்னார்கள். மறு பாதிக்குக் கம்பி மட்டும். யாருக்கு எது என்பதை நாம் தீர்மானிக்கக் கூடாது. கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கும், நாம் ஒட்டிய உறையைப் பிரித்துப் பார்ப்போம். அப்படிச் செய்தால்தான் வேண்டியவருக்குக் கொடுத்தோம், வேண்டாதவருக்கு மறுத்தோம் என்ற பேச்சு வராது. முடிவையும் நம்பலாம்.

இதை நோயாளிகளுக்குப் புரிய வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சம்மதப் படிவத்தை மலையாளத்திலும் தமிழிலும் அச்சடித்திருந்தோம். நான் வரிவரியாக வாசித்துக் காட்டுவேன். கேட்டுவிட்டு, "ஒரு காரணமும் இல்லாம ஒருத்தருக்குக் குடுப்பீங்க, ஒருத்தருக்குக் குடுக்க மாட்டீங்களா?" என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். சிபாரிசுள்ளவர்களுக்குத்தான் கருவி என்று முடிவுகட்டி எழுந்து போனவர்களும் உண்டு. ஒரு மாதம் கழிந்தும் ஆள் சேரவில்லை. நான் வழிகாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

நீதான் வழி கண்டுபிடித்தாய். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது நம் பக்கத்து வழக்கம்தானே. கல்யாணம் பேசலாமா, கடையை மாற்றலாமா, ஆபரேஷன் செய்யலாமா, எல்லாவற்றுக்கும் பூப்போட்டுப் பார்ப்பார்கள். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் கூடாது. "அது மாதிரிதான்னு வச்சுக்கோங்களேன்" என்று நோயாளிகளிடம் சொன்னாய். "உறைக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, இந்த டாக்டருக்கும் தெரியாது. உங்களுக்குன்னு எது வருதோ அது."

அவ்வளவுதான். முகங்கள் தெளிந்தன. கையெழுத்து விழுந்தது. தமிழ் பேசுகிறவர்கள் மட்டுமல்ல, மலையாளிகளுக்கும் அதையே சொன்னாய், அவர்களும் தலையாட்டினார்கள். உறையைப் பிரிக்கும்போது சிலர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். வேடிக்கையாக இருந்தது. ஆள் சேர்ந்ததே போதும் என்று அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

சுபா வந்த நாள்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்த பெண். குழித்துறைப் பக்கம் வீடு, இங்கே விடுதியில் தங்கியிருந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதற்குள் பல்லைச் சரியாக்க வேண்டும் என்பது அவள் அவசரம். அவளுக்குக் கருவி விழுந்திருந்தது. அன்று கம்பியை மாற்றுவதற்காக வாயைத் திறக்கச் சொன்னாய். இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான் திறந்தது. காதுக்கு முன்னால் தாடை மூட்டு வீங்கியிருந்தது.

"எப்பத்துலேருந்து இது?" என்று கேட்டாய்.

"அந்த மெஷின் வைக்க ஆரம்பிச்சதுலேருந்து டாக்டர். ராத்திரி சோறு சவைக்க முடியல்ல. கஞ்சிதான்."

"பின்னே ஏன் நிறுத்தல்ல? எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம்னு வாசிச்சுக் காட்டினோம்லா?"

அவள் உன்னைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எனக்குன்னு வந்ததுல்லா டாக்டர். நீங்கதான சொன்னீங்க, பூ மாதிரின்னு. வந்த பூவை மாத்தக் கூடாதுன்னு அம்மை சொன்னா. மாத்தினா கல்யாணத்துக்கு ஆவாதாம்."

நீ கருவியைக் கேட்டு வாங்கி அலமாரிக்குள் வைத்தாய். வலிக்கு மருந்து எழுதி, ஒத்தடம் கொடுக்கச் சொல்லி, அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாய். நான் அதற்குள் பக்கவிளைவு என்று பதிவு செய்து, விதிப்படி யாருக்குத் தெரிவிக்க வேண்டுமோ அவர்களுக்கு எழுதி முடித்திருந்தேன். என் கணக்கில் வேலை அதோடு தீர்ந்தது.

மத்தியானம் கேன்டீனில் நீ சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "அவ ஒருத்தி மட்டும் இல்லட்டி" என்றாய். "எல்லார்கிட்டயும் நான்தான பூவைச் சொன்னேன். பூ போட்டா சாமிக்குப் பதில் தெரியும், அதுனாலதான் கேக்கது. இங்க யாருக்கும் பதில் தெரியாது, அதுனாலதான் நாம கேக்கோம். ரெண்டும் நேர் எதிரு. நான் தலைகீழாச் சொல்லியிருக்கேன். அவங்க எல்லாம், இதுதான் நமக்கு நல்லதுன்னு யாரோ பாத்து எடுத்துத் தந்ததா நெனச்சிட்டிருக்காங்க."

"அதுக்கு இப்ப என்ன செய்யணும்ங்கிற?"

"எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லணும்."

"சொன்னா பாதிப் பேரு போயிருவாங்க. பட்டம் உனக்கில்ல, எனக்காக்கும்."

"போனா போட்டும். எதுக்குச் சம்மதிச்சோம்னு தெரியாத ஆளுக பல்லை அளந்து நீ என்னத்தைக் கண்டுபிடிக்கப் போற?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆத்திரம்தான். இன்று யோசித்தாலும் அந்த ஆத்திரத்தில் தப்பில்லை என்றே தோன்றுகிறது. மூன்றாண்டு உழைப்பை ஒருத்தி ஒரு கவளச் சோற்றுக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் கலைத்துப் போட்டால் யாருக்கும் கோபம் வரும்.

துறைத் தலைவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் நீ ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் நெறிக் குழுவிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லி அனுமதி வாங்கினாய். ஒவ்வொருவராக அழைத்தாய். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அளவெடுப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு. நீ எல்லோரிடமும் ஒரே விதமாகச் சொன்னாய். "இந்த மெஷினால நல்லது வருமா, கெட்டது வருமான்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு இது ஒத்துவரும்னு யாரும் தேர்ந்தெடுக்கல்ல. சாமியும் சொல்லல்ல. பூ மாதிரின்னு நான் சொன்னது தப்பு. இப்ப வேண்டாம்னா விட்டுரலாம், உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது."

ஆரியசாலையில் கயிற்றுக் கடை வைத்திருந்த ஒருவர் மகளைக் கூட்டி வந்திருந்தார். உன் அப்பாவுக்கு அறிமுகமானவர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தெரியாதுன்னா பின்னே எதுக்காக்கும் டாக்டரே என் பிள்ளை வாயில கொண்டு வச்சீங்க?" என்றார்.

"முதல்லயே கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் அண்ணாச்சி" என்றாய் நீ. "கேக்க முடியாதபடி நான் பேசிட்டேன்." அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் ஆரியசாலை முழுக்க உன் பெயர் அடிபட்டது.

நான் பயந்ததுதான் நடந்தது. பாதிக்கும் மேல் விலகினார்கள். மீதியிருந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசமே இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் ஆட்கள் போதவில்லை. ஒன்றும் சொல்லாத ஆராய்ச்சி. நான் வேறு தலைப்பு எடுத்து, தாமதமாகப் பட்டம் வாங்கினேன். இடையில் சில மாதங்கள் உன்னுடன் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகக் காட்டவில்லை. தினமும் என் மேசையில் கேன்டீனில் வாங்கிய வாழைப்பழப் பழம்பொரி ஒன்றை வைத்துவிட்டுப் போவாய். நானும் தினமும் தின்றேன், பேசாமல்.

சுபாவுக்குத் தாடை சரியாயிற்று. பல் அதன் பாட்டுக்கு மெதுவாக நகர்ந்தது. வாயில் கம்பியோடுதான் கல்யாணம் செய்துகொண்டாள். படமெடுத்தவர் வாயை மூடச் சொன்னதாகவும் தான் மூடவில்லை என்றும் சொல்லி ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நீ சிரித்தாய். அன்றைக்குத்தான் நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பல ஆண்டுகள் கழித்து உன் மார்பில் கட்டி வந்தது. முதல் சிகிச்சைக்கு அடங்கி, பிறகு எலும்பில் தலைகாட்டியது. அடுத்த சிகிச்சையைப் பற்றிப் பேச ஆஸ்பத்திரிக்கு உன்னோடு வந்தது நான். உன் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர அவருக்குத் தைரியமில்லை. இளம் டாக்டர் ஒருவர் ஒரு புதிய மாத்திரையைப் பற்றிச் சொன்னார். வழக்கமான மருந்தோடு அந்த மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கும் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மாத்திரை, மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து மட்டும். சேர வாய்ப்புக் கிடைத்ததே பாக்கியம் என்றார். நல்ல பையன்தான். நன்றாகவே பேசினான்.

இது எனக்கு நல்லதென்று தெரியுமா என்று நீ மலையாளத்தில் கேட்டாய். "இது எனிக்கு நல்லதாணெந்நு டாக்டருக்கு அறியாமோ?"

"நல்ல பிரதீக்ஷையுண்டு மேடம்" என்றார், நம்பிக்கை இருக்கிறதாம்.

"பிரதீக்ஷை இரிக்கட்டே. அறியாமோ, அறியில்லே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில், "அறியில்லா மேடம்" என்று தெரியாததை ஒப்புக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"அப்போ பேனா தா மோனே" என்று கையெழுத்துப் போட்டாய்.

குலுக்கலில் உனக்கு மாத்திரை விழவில்லை. திரும்பி வரும்போது பழவங்காடிச் சந்திப்பில் வண்டிகள் நகரவில்லை. பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது. நீ காரின் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு, "எனக்கு வெள்ளைப் பூவாக்கும்" என்றாய். உன் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சிரிக்க முடியவில்லை. "நீ அதைச் சொல்லாதட்டி" என்றேன். அதற்கும் சிரித்தாய்.

அடுத்த ஓணத்துக்கு நீ இல்லை. நான் அழுததைப் பற்றி எழுத எனக்கு வராது. அழுதேன், அவ்வளவுதான்.

போன வருடம் உன் வீட்டுக்காரரைப் பார்க்க மளிகைக் கடைக்குப் போனேன். மிளகு மூட்டைகளுக்கு நடுவில் எனக்கு ஸ்டூல் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து சாயா வரவழைத்தார். ஆட்களை அப்பால் அனுப்பிவிட்டுக் கேட்டார். "அந்த மாத்திரை கிடைச்சிருந்தா அவ இருந்திருப்பாளா டாக்டர்?"

கிடைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லியிருக்கலாம். நாவின் நுனிவரை வந்தது. அவருக்கு அன்றிரவு தூக்கமாவது வந்திருக்கும். எல்லாம் எழுதியபடிதான் நடக்கும் என்று சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும். நீ எத்தனை பேர் முகத்திலிருந்து அந்த ஆறுதலைத் திரும்பப் பிடுங்கினாய் என்பது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதை உன்னால் எப்படிச் செய்ய முடிந்தது என்று மலைப்பாக இருந்தது.

"தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

"யாருக்குமா?"

"இப்ப யாருக்கும் தெரியாது. அந்த ஆராய்ச்சி முடிஞ்சா தெரியும். அவளை மாதிரி ஆளுக சேர்ந்ததுனாலதான் தெரிய வரும்."

அவர் கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "செரி. தெரியும்போ வந்து சொல்லணும். எதுவானாலும் சொல்லணும். அவ சொல்லியிருப்பால்லா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த ஆராய்ச்சியின் முடிவு நேற்று வெளியாகியிருக்கிறது. இரண்டு தடவை படித்தேன், அட்டவணைகளையும் சேர்த்து. ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதா என்றுதான் தேடினேன். கடையில் இந்நேரம் கூட்டம் குறைந்திருக்கும். அவரிடம் போய்ச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மாத்திரை எடுத்தவர்கள் கூடுதல் காலம் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் பலர். உனக்கும் அப்படி ஆகியிருக்குமா என்பது இப்போதும் தெரியாது. அதையும் சேர்த்துத்தான் அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவர் எழுந்திருக்கச் சொல்லும்வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பேன்.