பின்சக்கரம்

இன்று காலை கம்பெனி வேனில் ஏறப்போனபோது புதுப் பெயிண்ட் வாசனை குப்பென்று அடித்தது. முன்பக்க இடது மூலை மட்டும் பளபளத்தது. “இன்னாண்ணா, புதுசா?” என்றேன். “எஃப்சிக்குப் போவுது, அதான்” என்றார் டிரைவர். தகுதிச் சான்று வாங்க எஃப்சிக்குப் போகிற வண்டிக்கு ஒரு மூலையில் மட்டுமா பெயிண்ட் அடிப்பார்கள்? சைக்கிளில் போன உன்னை இடித்துக் கொன்றது எந்த வண்டி என்று ஆம்பூரில் யாருக்கும் தெரியாதாம். நீ ராங்சைடில் வந்தாய் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஷிப்ட் விட்டதும் நம் ஷூ கம்பெனி வேன் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையிலேதான் போகும். சைக்கிள்காரர்களும் அதன் பின்னாலேயே வால் பிடித்துப் போவார்கள். கம்பெனி வேனே போகும்போது நம்மை யார் பிடிக்கப்போகிறார்கள் என்ற தைரியம். நீ ஒருத்தன்தான் இடது பக்கமாகவே மிதித்து, பாலத்துக்கு அடியில் திரும்பி, அத்தனை தூரம் சுற்றி வீட்டுக்குப் போவாய். ஆளே இல்லாத ரோட்டிலும் கை காட்டித்தான் திரும்புவாய். வேனுக்குள் இருந்து நாங்கள் கிண்டல் செய்தால், “வண்டிக்காரன் தப்பு பண்ணா அடி மட்டும்தான் நமக்கு. நாம தப்பு பண்ணா அடியும் நமக்கு, பழியும் நமக்குடா” என்பாய். பழியும் உனக்கே வந்து சேர்ந்ததை எப்படித் தாங்குவது?

அன்று செய்தி கேட்டு நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓடி வந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். அந்தப் பக்கம் கம்பெனி வேனும் நேர்த்திசையில்தான் போகும். சைக்கிள் எதிர்த்திசையைப் பார்த்துக் கிடந்தது. யாரோ திருப்பிப் போட்டிருக்க வேண்டும். ஏனென்றால் முன்சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பின்சக்கரம்தான் அப்பளமாக நசுங்கியிருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். “நீ கண்ணால பார்த்தியா? பாக்காததைப் பேசி பேஜார் பண்ணாத” என்றார். அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று இன்னமும் யோசிக்கிறேன். வேலை போய்விடுமோ என்று அப்போது வாயை மூடிக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். “நெசமாவே அவரு ராங்சைட்லதான் வந்தாராண்ணா?” என்று கேட்டாள் உன் மனைவி. ஊர் பேசிப் பேசி அவளையே சந்தேகப்பட வைத்துவிட்டது.

“இல்லம்மா. எதிர்ல வந்தவனுக்குப் பின்சக்கரமா நசுங்கும்? நாளைக்கே ஸ்டேஷன்ல சொல்றேன்.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னையே பார்த்தாள்.

“இத்தினி நாளா ஏண்ணா சொல்லல?”

காலையில் நான் டிரைவரைச் சந்தேகமாகப் பார்த்தேனே, அப்படிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டுதான் நாளைக்கு ஸ்டேஷன் படி ஏறப்போகிறேன்.