எச்சில் படாத பியர்

அண்ணை,

நேற்று இங்கே ரொறன்ரோவில், அஜின்கோர்ட் பக்கம் ஒரு பிறந்தநாள் விருந்து. எனக்கு எதிரே இருந்த மனிதர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி, அண்ணாந்து, வாய் படாமல் மடக் மடக்கென்று குடித்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. என்னால் அங்கே இருக்க முடியவில்லை, எழுந்து போய்க் காருக்குள் இருந்துவிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதம். இந்தக் கடிதத்தை நீங்கள் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் ரொறன்ரோவில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் கூட்டாளிகளாக இருந்தோம். நீங்கள் மெத்தைத் தொழிற்சாலையில், நான் காப்புறுதிக் கந்தோரில், கழுத்துப்பட்டியோடு. "குளிரையும் பஸ்ஸையும் தவிர இஞ்ச என்னத்தைக் கண்டம்? ஒருக்கா ஐரோப்பாவைப் பாத்திட்டு வருவம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனது நீங்கள்தான். பிரசல்ஸில் இறங்கிய மூன்றாம் நாள், வழிகாட்டியோடு ஒரு பகல் பயணம். ப்ரூஜ் என்ற பழைய துறைமுக நகரம், கடைசியில் பியர் சுவை பார்த்தல். இரண்டு பேருக்கும் ஜன்னல் வேண்டும் என்று பஸ்ஸில் முன்னும் பின்னுமாக இருந்தோம். என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கனவான், அவரும் ரொறன்ரோக்காரர். கந்தோர்ப் புளுகையெல்லாம் அவரிடம் ஆங்கிலத்தில் அளந்துகொண்டே வந்தேன்.

ஒரு காலத்தில் உலகத்துக் கப்பலெல்லாம் இங்கே வந்ததென்றும், பிறகு மணல் மூடிக் கடல் விலகிவிட்டதென்றும் வழிகாட்டிப் பெண் சொன்னாள். "கப்பலும் இல்லை, கடலும் இல்லை. உதுக்குப் பேர் துறைமுகமோ?" என்று என் காதுக்குள் கேட்டீர்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தக் கனவான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பியர் வடிக்கும் இடத்து நிலவறையில் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் மூன்று வகை தந்தார்கள். பிறகு இரண்டு கைப்பிடி வைத்த பெரிய குவளை ஒன்று வந்தது. அந்தக் காலத்து மாலுமிகள் மாதிரி, ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்க வேண்டுமாம். குவளை உங்களிடம் வந்தது. அடுத்தது நான். நீங்கள் அதை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து, வாய் படாமல் ஊற்றினீர்கள்.

தண்ணீர் என்றால் சரி. பியர் நுரைத்து மூக்குக்குள் ஏறி, கோட்டு முழுக்க வழிந்தது. இருமி, கண்ணில் நீர் முட்ட, குவளையை என்னிடம் நீட்டினீர்கள்.

"எச்சில் படேல்லை. நீர் யோசிக்காமக் குடியும்."

நிலவறையே சிரித்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். துடைக்கத் துணியோடு ஓடிவந்த வழிகாட்டி, நீங்கள் இருவரும் ஒன்றாக வந்தவர்களா என்று என்னிடம் கேட்டாள்.

"நோ" என்றேன்.

அந்த அளவு ஆங்கிலம் உங்களுக்கு விளங்கும்.

திரும்பும்போது நீங்கள் உங்கள் ஜன்னலுக்கு வரவில்லை. கடைசி வரிசைக்குப் போனீர்கள். வழியில் நின்ற என்னிடம் "எக்ஸ்கியூஸ் மீ, சேர்" என்று சொல்லி, முன்பின் தெரியாத ஆளைப்போல ஒதுங்கிப் போனீர்கள். என் பொய் அந்த பஸ்ஸுக்குள் பிடிபடாமல் பார்த்துக்கொண்டது நீங்கள்தான். ஹோட்டலுக்கு வந்ததும், "தேத்தண்ணி குடிப்பமோ?" என்று கேட்டீர்கள்.

பிறகு உங்கள் கலியாணத்தில் தோழனாக நின்றேன். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியபோதும் கூட நின்றேன். இன்றைக்குச் சொல்லுவேன், நாளைக்குச் சொல்லுவேன் என்று நாற்பது வருசத்துக்கு மேல் கடத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் நீங்களே, "என்ன, ஏதோ சொல்ல வந்தனீர் போல கிடக்கு?" என்று கேட்டீர்கள். "ஒண்டுமில்லை அண்ணை" என்றேன். வெட்கங்கெட்டவன் நான்.

நீங்கள் எதையும் சிரிப்பாக்கிவிடும் பகிடிக்காரர். அந்த "சேர்" பகிடியாகவும் இருந்திருக்கலாம். மனம் நொந்து சொன்னதாகவும் இருந்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "உமக்கென்ன விசரே?" என்று சிரித்திருப்பீர்கள், அல்லது நல்ல ஏச்சுத் தந்திருப்பீர்கள். எதுவாக இருந்தாலும் எனக்குப் போதும். இப்போது எனக்குக் காது மந்தம். உங்கள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அது பகிடியா, நோவா என்பதுதான் விளங்கவில்லை, அண்ணை.