சாஸ் திரிந்துவிடும் என்றேன்

இன்று காலை குன்னூர் மார்க்கெட்டில் புதுப் பட்டாணி வந்திருந்தது. விரல் நீளக் கேரட், இளம் பீன்ஸ். பங்குனி பிறந்தாலே வரும் காய்கள். கொச்சியிலிருந்து ஐஸ் பெட்டியில் ஏறி வந்த கொடுவா மீனும் வாங்கினேன். வீட்டில் வெண்ணெய் உருகி வாசம் எழுந்ததுமே அடுப்பை அணைத்துவிட்டேன். நீ போன பிறகு, ஆறு வருடமாக நான் அந்த வெண்ணெய் சாஸ் மீனைச் சமைக்கவே இல்லை. போன வாரம் உன் மகள்தான் கேட்டாள்: "அம்மா செய்வாங்களே, அந்த மீன், ஒருக்கா செஞ்சு தர்றீங்களா அத்தை?"

எஸ்டேட் கெஸ்ட் ஹவுஸில் பதினொரு வருடம் ஒரே அடுப்பில் நின்றவர்கள் நாம். மீனை வறுப்பது நான், சாஸ் உன் வேலை. சின்ன வெங்காயத்தை எலுமிச்சைச் சாற்றில் சுண்டவிட்டு, சில்லென்ற வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, கை ஓயாமல் அடிப்பாய். கொதித்தாலும் திரியும், ஆறினாலும் திரியும். "கொழம்புன்னா கொதிக்க உட்டுப்போட்டு நாலு பேச்சுப் பேசலாம். இது கைக்கொழந்தையாட்ட, கீழ வெக்க முடியாது" என்பாய்.

அன்று மதியம் நாற்பது பேருக்கு விருந்து. பாதித் தட்டுகள் போயிருந்தன. நீ இடது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடித்துக்கொண்டிருந்தாய்.

"புள்ள, தாடையெல்லாம் வலிக்குது. சித்த உக்காரட்டுமா?"

"பல்லுவலியா இருக்கும். இந்தா, கிராம்பு. இன்னும் இருவது தட்டுதான். நீ உக்காந்தா சாஸ் திரிஞ்சு போயிரும்."

கிராம்பை வாங்கிக் கடித்துக்கொண்டாய். இருபது தட்டும் போன பிறகுதான் சட்டியை இறக்கிவைத்து, காய்கறிச் சாக்கின்மேல் உட்கார்ந்தாய். நான் திரும்பியபோது சாய்ந்திருந்தாய். ஜீப் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது என் மடியிலிருந்த உன் கை குளிர்ந்துவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர். சிலருக்குத் தாடையில்தான் வலி தெரியுமாம்.

"அம்மா முன்னாடியே எங்கியாச்சும் வலிக்குதுன்னு சொன்னாங்களா அத்தை?" என்று உன் மகள் அழுதுகொண்டே கேட்டாள்.

"இல்ல கண்ணு" என்றேன்.

அதன்பின் அந்தச் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றால் போதும், "சித்த உக்காரட்டுமா" என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். வேலையை விட்டேன். குரல் வீட்டுக்கும் வந்தது. "உக்காரு புள்ள" என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறுபடியும் கேட்பாய்.

இன்று அடுப்பை மீண்டும் பற்றவைத்தேன். மீன் சரியாக வந்தது, காய்களும் பச்சை மாறாமல் வெந்தன. சாஸ் திரிந்துவிட்டது. அப்படியே ஊற்றி உன் மகள் முன் வைத்தேன். அவள் தட்டில் கை வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தெரியுங்க அத்தை. குளிப்பாட்டறப்ப அம்மா வாயில கிராம்பு இருந்துச்சு. வலிக்குதுன்னு உங்ககிட்டத்தான் சொல்லியிருப்பாங்க. நீங்களா எப்பச் சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"அப்பறம் எதுக்கு கண்ணு என்னைய வந்து வந்து பாத்த?"

"கோவம் இல்லாம இல்லீங்க. ஆனா அம்மா கடைசியா உங்க மடியிலதான இருந்தாங்க."

பாதி சாப்பிட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.

பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. நான் ஒளித்துவைத்ததாக நம்பியதை ஆறு வருடமும் அந்தப் பெண் தனியாகத் தூக்கிக்கொண்டு, என்னை அத்தை என்று கூப்பிட்டிருக்கிறாள். இனி அதையும் சேர்த்துத்தான் சுமக்கிறேன்.