கவரோடு எண்பத்து மூன்று

இன்று காலையும் நம் பழைய கம்ப்யூட்டர் பாதியில் அணைந்துபோனது. அறை முழுக்கச் சூடான துணியின் வாடை, இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்தது போல. அந்த வாடை மூக்கில் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் மேஜை டிராயரைத் துழாவினேன். ஸ்க்ரூ டிரைவருக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு. மதர்போர்டில் இருக்கும் சிப்செட் என்ற சில்லின் சூட்டை நாள்தோறும் குறித்து வைத்திருக்கிறீர்கள். அதன்மேல் சூடு தணிக்கப் பூசும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது தடவியபின் எண்பத்தாறு. அதன் தலையில் குட்டி ஃபேன் ஒன்றை நூலால் கட்டியபின் எண்பத்து நான்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும். இதற்காகக் கட்கி பஜாருக்கு நடந்தே உங்கள் செருப்பு தேய்ந்தது.

"எதுக்கு எப்பப் பாத்தாலும் அதப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க?" என்று கத்துவேன்.

"ஒண்ணுமில்ல, லேசா சூடு," என்பீர்கள்.

அடுத்த பக்கம்தான் எனக்குத் தெரியாதது. 'அவ கோயிலுக்குப் போயிருந்தப்ப கவர் இல்லாம ஐம்பத்தெட்டு. வந்தப்புறம் கவரோட எண்பத்து மூணு.' அதன் கீழே, 'கவர் இருக்கட்டும். ரெண்டு மாசம் தச்சா.'

ஃப்ரிட்ஜுக்கும் மிக்ஸிக்கும் தைத்த கையோடு, பின்னால் வயர் தெரியாதபடி மூடி, ரோஜாப்பூ போட்டு நான் தைத்த கவர். அதற்குள் காற்றில்லாமல் வெந்துகொண்டிருந்தது பெட்டி. தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள். நான் என்ன பேயா? முப்பது வருடம் கூட இருந்தவளிடம் ஒரு துணியைக் கழற்றச் சொல்ல அத்தனை பயமா? இல்லை, நான் வருத்தப்படுவேன் என்ற கரிசனமா? எதுவானாலும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

இதே முகத்தோடுதானே அன்றும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, லேசா எரியுது," என்றீர்கள். மூன்று நாள். நானும் நம்பி மோர் கரைத்துக் கொடுத்தேன்.

கவரைக் கழற்றிவிட்டேன். அரை மணியில் சூடு அறுபதுக்குக் கீழே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் அணையாமல் ஓடுகிறது. மடித்த கவர் என் மடியில் கிடக்கிறது.

சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. கத்திக்கொண்டே இதைக் கழற்றியிருப்பேன். அன்றைக்கும் கத்திக்கொண்டே ஓடிப்போய் ரிக்‌ஷாவை நிறுத்தியிருப்பேன்.