பழைய ஆப்பை அழிச்சுப்போடாதீங்க

டப்ளின்

நைனாவுக்கு ஹாரிகாவோட வணக்கமுங்க. காலையில ஊசி போட்டுட்டுத்தானே சாப்பிடறீங்க? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலைங்களா? நான் நல்லாருக்கேன்.

ஃபோன்ல சொன்னா அம்மா ஸ்பீக்கர்ல கேட்டுப் பயந்துக்குவாங்க. அதான் ஊருக்கு வர்ற சாய்குமார்கிட்ட இதைக் குடுத்து விடறேன்.

ஆபீஸ்ல ஒரு சின்னத் தகராறுங்க. நீங்க இன்சுலின் அளவு பார்க்கிற ஆப் எங்க கம்பெனியோடதுதானுங்களே. புது வெர்ஷன் வந்தா, டெஸ்ட் பண்ணினது இதேதானான்னு ஒத்துப் பார்த்து டிஜிட்டல் கையெழுத்துப் போடறது என் வேலை. திங்கக்கிழமை வந்தது ஒத்து வரலை. டெஸ்ட்டுக்கு அப்புறம் யாரோ உள்ளே கை வெச்சிருக்காங்க. மேனேஜர் "நேரமில்ல, போடு"ன்னார். எங்க நைனா இதைப் பார்த்துத்தான் ஊசி போடறாருன்னேன். சிரிச்சார். மாட்டேன்னு சொல்லிப்போட்டேன். கையெழுத்துப் போடற ரகசியச் சாவி என்கிட்டத்தான் இருக்கு; அவரே வேற சாவி உண்டாக்கிக் கையெழுத்துப் போட்டுக்கிட்டார்.

ஆனா பழைய ஆப் இருக்கிற ஃபோன் வேற சாவியோட கையெழுத்தை ஏத்துக்காதுங்க. அதனால "பழசை அழிச்சுப்போட்டுப் புதுசை ஏத்துங்க"ன்னு கம்பெனி பேர்லயே மெசேஜ் வரும். அழிச்சுப்போடாதீங்க நைனா. உங்க ஃபோன்ல இருக்கிறது நான் பார்த்துப் போட்டது.

சாய்குமார் இங்க திரும்பி வர்றப்ப பருப்புப்பொடி குடுத்து விடறதா அம்மா சொன்னாங்க. வேண்டாமுங்க. மாடியில என் ரூமுக்கு வாடகைக்கு ஆள் பேசியிருந்தா, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க.

சாய்குமார் ஏர்போர்ட் போகக் கீழே டாக்ஸி வந்துருச்சு.

உங்க மக,
ஹாரிகா