பேரனுக்கு மூட்டிய தீயை அணைத்த செய்தி

நலமே நிலைபெறுக. மேகம் தங்கும் ஏழு சிகரங்களுக்கு உரியவரும், பகைவருக்கு முதுகு காட்டாத குடியில் வந்தவருமான கொடுவரை நாட்டு மன்னர் கடம்பவேள், தண்படுகை நாட்டின் அரசியும் நம் ஒரே மகளுமான நறுவிக்கு விடுக்கும் ஓலை. உன் வயல்கள் விளைக. உன் கணவரின் செங்கோல் நிமிர்ந்து நிற்க. தொட்டிலில் கிடக்கும் நம் பேரன் தடையின்றி மூச்சு விடுக.

கடைசி வாழ்த்தை மட்டும் எழுத்தரை இருமுறை எழுதச் சொன்னோம். காரணம் நீ அறிவாய்.

நம் குடியில் பிள்ளை பிறந்தால் உச்சிப்பாறையில் தீ மூட்டுவோம். அது தானே அவியும் வரை எவரும் நீர் ஊற்றலாகாது. ஊற்றினால் பிள்ளையின் ஆயுள் குறையும் என்பது முன்னோர் நம்பிக்கை. முதற் பேரன் ஆதலால் விறகை நாமே நின்று அடுக்கச் செய்தோம். கோடைக் காற்றில் பொறி பறந்து மூங்கில் காட்டைப் பற்றிக்கொண்டது. அமைச்சர் நல்லாந்தையார் அணைக்க ஆணை கேட்டார். அதுவும் பிள்ளையின் தீயே, தொடாதீர் என்று அவரை அதட்டினோம். சிகரத்தில் நமக்கு ஒரு தும்மலும் வரவில்லை. புகை வானத்துக்குப் போய்விட்டது என்றே எண்ணினோம்.

அது போன இடத்தை உன் ஓலை சொன்னது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கு வழியே இறங்கிப் புகையை உன் நாட்டில் கிடத்துகிறது என்றும், விடிந்த பின்னும் அது பனிபோல் வயல்மேல் படுத்திருக்கிறது என்றும், ஒரு சுடரைக்கூடக் காணாத கடற்கரை ஊர்களிலும் முதியோர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்தும், பிள்ளை பால் குடிப்பதை நடுவில் விட்டு மூச்சுக்குத் திணறுகிறான் என்றாய். தாத்தா அனுப்பிய சீர் தொட்டில் வரை வந்து சேர்ந்தது, இனியும் அனுப்ப வேண்டாம் என்றும் முடித்திருந்தாய். சிறுமியாய் இருந்தபோதே நம் அவையில் நம்மை எதிர்த்துப் பேசியவள் நீ ஒருத்திதான். அந்த வரியை மீண்டும் படிக்கச் சொன்னோம். அதைக் கேட்டு அவையில் சிரித்தவர்களைக் கடிந்துகொள்ளவும் மறந்தோம்.

மகளே, இக்குடியின் தலைவர் எவரும் பொறுத்தருளக் கேட்டதில்லை. அதற்குரிய சொல்லை நாமும் தேடினோம்; நாவில் வரவில்லை. ஆகவே நமக்குத் தெரிந்த முறையில், ஆணையாக எழுதுகிறோம்.

இன்று காலை உச்சிப்பாறைத் தீயின்மேல் முதற் குடத்தை நாமே கவிழ்த்தோம். பிள்ளையின் ஆயுளுக்குக் குறை நேருமாயின் அதை நம் ஆயுளில் எடுத்துக்கொள்ளுமாறு மலைத்தெய்வத்திடம் கூறினோம். எரியும் காட்டைச் சுற்றி மரம் வெட்டி வெறுநிலமாக்க, வேலேந்தும் நம் படை கோடரியோடு இறங்கியிருக்கிறது. நெருப்பு அடங்கினாலும் புகை ஓய நாளாகும் என்கிறார் நல்லாந்தையார். இம்முறை அவர் சொல்லைக் கேட்கிறோம். அதுவரை நீயும் பிள்ளையும், உன் நாட்டில் மூச்சுக்குத் தவிக்கும் அனைவரும், புகை அண்டாத மேலைச்சரிவு வழியாக நம் கோட்டைக்கு ஏறி வருக. பல்லக்குகள் எல்லையில் நிற்கின்றன. எவர் வந்தாலும் வாயில் திறக்கும்.

உன்னை வரவேற்கும் ஆலத்தித் தட்டில் மஞ்சள் நீர் மட்டுமே இருக்கும், சுடர் இராது. மறுமொழி எழுதி நேரம் போக்காதே, புறப்படு.

அரக்கு உருக்கவும் நெருப்பு வேண்டும் என்பதால், ஈரக் களிமண்ணில் நம் இலச்சினையைப் பதித்தோம். அது உலரும் முன் நீ வந்து சேர்க.