புது ரூட்டரில் இரண்டாவது பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, சிங்கப்பூரிலிருந்து சைமன் எழுதுவது. மாதா தயவில் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

ராயபுரம் வீட்டு நெட்டை இங்கிருந்தே பயன்படுத்தலாம் என்றுதான் விபிஎன் உள்ள ரூட்டராகத் தேடி வாங்கச் சொன்னேன். நேற்று முதல்முறை அதில் நுழைந்தேன். வீட்டில் இணைந்திருக்கும் போன்களின் பட்டியலில் முதலில் உன் பெயர், அதற்குக் கீழே ‘அம்புரோஸ்’. அப்பாவை அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகிறதே!

ரூட்டர் மாட்டிய வில்சனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். “பேஜாரு பண்ணாத மாமு. ‘அவரு போனுக்கும் புது பாஸ்வேர்டு போட்டுக் குடு’ன்னு அம்மாதான் சொல்லிச்சு. டெய்லி அதுக்கு சார்ஜ் போட்டுகினு கீது” என்றான்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்பு. ஷிப்டு வண்டி வந்துவிட்டது. பாஸ்வேர்டை எப்போதாவது மாற்றினால், அப்பா போனிலும் மறக்காமல் போடச் சொல்.

சைமன்